சர்தாரும் கூட 11 பேரும்

நீங்கள் கேட்டது இது: ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கட்டடப் பணிக்கு முதல் முறையாகத் திட்ட மேலாளராகப் பொறுப்பேற்கிறீர்கள். ஏறக்குறைய 260 பேர். ஒடிசா, பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்காளம், ஆந்திரா என்று பல ஊர் ஆட்கள், அவர்களோடு நம் திருவண்ணாமலை, விழுப்புரத்துக்காரர்கள். வாடிக்கையாளர் தரப்பில் இரண்டு கொரியர்கள். யாரும் ஒதுக்கப்பட்டதாக நினைக்காமல் எல்லோரையும் ஒன்றாக நடத்திச் செல்வது எப்படி, ஹிந்தி கற்றுக்கொள்ள வேண்டுமா, எல்லாப் பண்டிகைகளையும் சைட்டில் கொண்டாடினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

22 ஆண்டுகளாகக் கட்டுமானத் தளங்களில் இருக்கிறேன். அதில் 13 ஆண்டுகள் முழுப் பொறுப்பும் என்னுடையது. ஹிந்தியையும் பண்டிகையையும் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் வருகைப் பதிவேட்டை வாங்கி, அதில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 260 பேர் வேலை செய்யும் இடத்தில் பெரும்பாலும் 260 பெயர்கள் இருக்காது.

இதை நான் எப்போது கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். 2023 ஜூன் 2, வெள்ளிக்கிழமை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் செய்தி வந்தது. ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பாஹாநகா பஜார் நிலையத்தருகே சரக்கு ரயிலில் மோதித் தடம் புரண்டுவிட்டது. விழுந்த பெட்டிகளில் சில, பெங்களூரிலிருந்து ஹவுரா போன ரயிலின் கடைசிப் பெட்டிகளிலும் மோதின. 290க்கும் மேற்பட்டவர்கள் இறந்த விபத்து அது. எங்கள் சைட்டில் கம்பி கட்டும் குழு ஒன்று முர்ஷிதாபாத்துக்குப் போயிருந்தது. அந்த வாரம்தான் திரும்பி வர வேண்டும். அவர்கள் எப்போதும் வருவது அந்த ரயிலில்தான்.

டைம் கீப்பரைப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னேன். சர்தாரின், அதாவது குழுவை ஊரிலிருந்து அழைத்து வரும் தலைவரின், பெயர் இருந்தது. பக்கத்தில் நீல மையில் ‘+ 11’ என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். ஏழு மாதமாக ஒவ்வொரு நாளும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்; ஏழு மாதமாக ஒவ்வொரு வாரமும் நான் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ரயில்வே உதவி எண்ணுக்குப் பலமுறை முயன்று, நள்ளிரவுக்குப் பிறகு இணைப்புக் கிடைத்தது. எதிர்முனையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “பெயரைச் சொல்லுங்கள்.” என்னிடம் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அந்த 11 பேரில் ஒருவர் கம்பி வளைக்கும்போது மெல்லிய குரலில் பாடிக்கொண்டே இருப்பார். இன்னொருவருக்கு இடது கையில் சுண்டு விரல் பாதிதான் இருக்கும். முகங்கள் கண்முன்னே நின்றன, கூப்பிடப் பெயர் இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சர்தாரின் போன் கிடைத்தது. அவர்கள் ஊரை விட்டுக் கிளம்பவே இல்லை. சொந்தக்காரர் வீட்டுத் திருமணத்துக்காக இரண்டு நாள் தள்ளிப் போட்டிருந்தார்கள். அந்த இரவில் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில்தான் நாங்கள் ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்று சைட் வாசலில் பெரிய பேனர் கட்டி, எல்லா மாநிலத்தவருக்கும் இனிப்புக் கொடுத்துப் படமெடுத்திருந்தோம்.

ஏன் பெயர்கள் இல்லாமல் போகின்றன என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஆட்கள் உங்களிடம் நேராக வருவதில்லை. ஊரிலேயே முன்பணம் கொடுத்துச் சர்தார் அழைத்து வருகிறார். ஒடிசாவில் இந்த முன்பண முறைக்குத் தாதன் என்று பெயர். அதைக் கட்டுப்படுத்த அந்த மாநிலம் 1975-லேயே தனிச்சட்டம் போட்டது. மகள் கல்யாணத்துக்கோ அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ வாங்கிய பணம் அது. வாங்கியவர் அந்தக் கடன் தீரும்வரை சர்தாரின் ஆள். உங்களிடம் வர வேண்டிய புகார், சந்தேகம், யோசனை எல்லாமே சர்தார் என்ற ஒற்றைக் குழாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அவருக்கு வேண்டாதது அதில் வராது. எல்லாச் சர்தார்களும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. தன் ஆட்களுக்காக என்னிடம் தொண்டை கிழியச் சண்டை போட்ட சர்தார்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் குழாய் ஒன்றுதான் என்றால் அது அடைத்துக்கொண்டாலும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

எனவே முதல் வேலை பெயர் எழுதுவது. ஆதார் நகலை வாங்கிக் கோப்பில் போடுவதை நான் சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் எதிரில் உட்கார வைத்து, அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே அவர் பெயர், ஊர், வீட்டில் என்ன மொழி பேசுவார்கள், ஏதாவது ஆனால் யாருக்குப் போன் செய்ய வேண்டும், கூலி எந்தக் கணக்குக்குப் போகிறது என்று கேட்டு எழுத வேண்டும். ஒருவருக்கு ஆறு, ஏழு நிமிடம் ஆகும். 260 பேருக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் இரண்டு நாளில் முடியும். மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கான 1979 ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொருவருக்கும் படம் ஒட்டிய பாஸ் புத்தகம் தர வேண்டும், வேலை, கூலி விவரங்கள் அவர் மொழியிலும் அதில் இருக்க வேண்டும் என்றே சொன்னது. அந்தப் புத்தகம் கையில் இருந்த ஒரு தொழிலாளியை நான் பார்த்ததே இல்லை. சட்டம் அன்று கேட்டதைத்தான் நான் உங்களிடம் இன்று கேட்கிறேன்.

எழுதிய பெயரை ஹெல்மெட்டில் ஒட்டுங்கள். தமிழில் ஒரு வரி, அவர் எழுத்தில் ஒரு வரி. தமிழில் இருந்தால்தான் நம் மேற்பார்வையாளர்கள் “ஏ, ஹிந்தி” என்று கூப்பிடுவதை விடுவார்கள். அவர் எழுத்தில் ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் சைட்டில் ஜார்கண்டிலிருந்து வந்த சந்தால் பழங்குடி இளைஞர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுடைய சந்தாலி மொழிக்கென்று ரகுநாத் முர்மு 1925-இல் உருவாக்கிய ஓல் சிக்கி எழுத்து இருக்கிறது. 2003-இல் அந்த மொழி அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலும் சேர்ந்தது. சென்னையில் அந்த எழுத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஓர் இளைஞரிடம் மார்க்கரைக் கொடுத்து அவர் பெயரை அவரையே எழுதச் சொன்னோம். எழுதி முடித்து ஹெல்மெட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். மூடியை மூடாமலே மார்க்கரைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அடுத்த அரை மணி நேரம் அந்த மார்க்கர் எங்களிடம் திரும்பி வரவில்லை.

கூப்பிடும் விதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘வடக்கன்’ என்ற சொல் உங்கள் சைட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. உங்கள் இளம் பொறியாளர்கள் கேலியாகச் சொன்னாலும் அன்றே, தனியாக அழைத்து, நிறுத்தச் சொல்லுங்கள். 45 வயதுக்காரரை 24 வயதுப் பொறியாளர் “டேய்” என்று அழைப்பதும் அப்படியே. அந்தச் சொல்லின் பொருள் அவர்களுக்குத் தெரியாது என்று நினைப்பது தவறு. வந்த இரண்டாவது வாரத்திலேயே தெரிந்துவிடும். வயதில் மூத்த வங்காளிகளைத் ‘தாதா’ என்று அழைக்கலாம். நமக்கு அந்தச் சொல் வேறு எதையோ நினைவூட்டும், அவர்களுக்கு அது அண்ணன். சந்தால், முண்டா மக்களிடம் ‘ஜோஹார்’ என்று வணக்கம் சொல்லுங்கள். இந்த ஒரு சொல்லுக்கு முகம் எப்படி மலர்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

இனி நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். ஒரு குழுவில் எல்லோரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அங்கே கடைசியாக வந்த, மொழி தெரியாத, கூலி குறைந்த ஆள் ‘நிறுத்து’ என்று சொன்னால் வேலை நிற்குமா?

ஒரு ஸ்லாப் கான்கிரீட் நாள். ஆறு மீட்டர் உயரத்தில் சென்ட்ரிங், அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டுகளும். காலையிலிருந்தே பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்டுக்கு வெளியே நான்கு மிக்சர் லாரிகள் நிற்கின்றன. கீழே முட்டுகளைக் கவனிக்க நிறுத்தப்பட்ட ஹெல்பர் ஒருவர், மேற்கு ஒடிசாவின் பலாங்கீர்க்காரர், ஓர் ஓரத்தில் தண்ணீர்க் குழாய் கசிந்து மூன்று முட்டுகளின் அடியில் மண் இளகியிருப்பதைப் பார்த்திருக்கிறார். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தன் சர்தாரிடம் போய்ச் சொன்னார். “லாரி நிற்கிறது, இப்போது பேசாதே” என்றார் அவர். சற்று நேரம் கழித்து எங்கள் பாதுகாப்பு உதவியாளரிடம், தெரிந்த அரைகுறை ஹிந்தியில் சொன்னார். அந்தத் தம்பிக்குத் தெரிந்த ஹிந்தி இன்னும் குறைவு. “டீக் ஹை, டீக் ஹை” (சரி, சரி) என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். முக்கால் மணி நேரத்தில் ஸ்லாபின் ஓரம் நான்கு சென்டிமீட்டர் இறங்கியது. உடனே பம்பை நிறுத்தி, எல்லோரையும் கீழே இறக்கினோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பகுதி முழுவதையும் உடைத்து எடுக்க வேண்டியதாயிற்று.

மாலையில் அவரை அழைத்து, ஒடியா தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். கோபத்தோடு கேட்கவில்லை. அவர் சொன்னார்: “நான் சொன்னேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொன்னேன். பிறகு இன்னொருவரிடமும் சொன்னேன்.” அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு எதுவும் இல்லை. அவர் தன் கடமையைச் செய்துவிட்டார். அவர் குரல் என்னை வந்து அடைவதற்கான வழியைத்தான் நான் அமைத்திருக்கவில்லை.

இது படிப்பில்லாதவர்களின் பிரச்சினை என்று யாராவது உங்களிடம் சொன்னால், 1990 ஜனவரி 25 அன்று நடந்ததைச் சொல்லுங்கள். கொலம்பியாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த அவியாங்கா விமானம் மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானத்திலேயே காத்திருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் முன்னுரிமை வேண்டும் என்றார்கள், எரிபொருள் குறைந்துவிட்டது என்றார்கள். ‘அவசரநிலை’ என்று மட்டும் அறிவிக்கவில்லை. ஸ்பானியம் பேசும் அவர்கள் எதை மனதில் வைத்துச் சொன்னார்களோ, அது தரைக் கட்டுப்பாட்டாளர்களின் காதில் அந்த அளவுக்கு ஏறவில்லை. விமானம் லாங் ஐலண்டில் விழுந்து 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். தேர்ந்த விமானிகள், இருதரப்பும் பேசியது ஆங்கிலம்தான். இரண்டு பேருக்கும் ஒரே பொருள் தரும் சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளாவிட்டால் மொழி தெரிந்திருந்தும் பயனில்லை.

அந்த ஸ்லாபுக்குப் பிறகு நாங்கள் செய்தவை இவை. யாராக இருந்தாலும் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கினால், அதைப் பார்க்கும் எல்லோரும் கையைத் தூக்க வேண்டும், வேலை நிற்க வேண்டும். ஹிந்தியில் ‘ருகோ’, வங்காளத்தில் ‘தாமோ’, தெலுங்கில் ‘ஆகண்டி’ என்று ஆளுக்கொரு சொல் இருக்கிறது. பம்ப் இரைச்சலில் எதுவும் கேட்காது, கை தெரியும். நிறுத்தியவரிடம் ‘ஏன்’ என்று கேட்கும் முன் ‘நன்றி’ சொல்ல வேண்டும், அதுவும் எல்லோர் முன்னாலும். அவர் நினைத்தது தவறாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. முதல் மாதத்தில் ஒன்பது முறை வேலை நின்றது. அதில் ஏழு முறை ஆபத்து எதுவும் இருக்கவில்லை. ஏழு பேருக்கும் அதே நன்றியைச் சொன்னேன். ஆறாவது முறை எங்கள் பிளானிங் பொறியாளர் பொறுமை இழந்து முணுமுணுத்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பலரும் கவனிக்கத் தவறுவது. குழுக்கள் பெரும்பாலும் ரேட் வேலை செய்கின்றன. டன்னுக்கு இவ்வளவு, சதுர மீட்டருக்கு இவ்வளவு. வேலையை நிறுத்தினால் குறைவது நிறுத்தியவரின், அவர் கூட்டாளிகளின் கூலிதான். அரை நாள் கூலி போனால் அன்றிரவு கேம்பில் அவரை யாரும் சும்மா விடமாட்டார்கள். எனவே நின்ற நேரத்துக்குத் தினக்கூலிக் கணக்கில் பணம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம். இதை எழுதாமல் ‘எல்லோரும் தயங்காமல் பேசலாம்’ என்று எந்த மொழியில் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாமல் இருப்பதே அவர்கள் நிலையில் நியாயம்.

ஹிந்தி கற்றுக்கொள்ள வேண்டுமா? கற்றுக்கொள்ளுங்கள், உதவும். ஆனால் அது போதும் என்று இருந்துவிடாதீர்கள். பலாங்கீர்க்காரரின் வீட்டுமொழி சம்பல்புரி. மிதிலைப் பகுதிக்காரருக்கு மைதிலி. முர்ஷிதாபாத், மால்டாவிலிருந்து வரும் கொத்தனார்களுக்கு வங்காளம். ஆந்திராவின் விஜயநகரத்துக்காரருக்குத் தெலுங்கு. இவர்களில் பலருக்கும் ஹிந்தி, நமக்குப் போலவே, வேலைக்காகப் பொறுக்கிக்கொண்ட மொழி. அதில் “சரி சார்” சொல்ல வரும். “எனக்கு இதில் சந்தேகம் இருக்கிறது” என்று சொல்ல வராது.

அதனால் வேலை தொடங்கும் முன் பாதுகாப்பு பற்றிப் பேசும் காலை டூல்பாக்ஸ் கூட்டத்தை 260 பேரை நிற்க வைத்து ஒலிபெருக்கியில் நடத்தாதீர்கள். மொழிவாரியாக இருபது, இருபத்தைந்து பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த மொழிக்காரர் ஒருவர் பேசட்டும், சர்தார் வேண்டாம். வாரம் ஒருவராக மாறட்டும், அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள், ஏனென்றால் அதுவும் வேலை. வாசிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப் குரல்பதிவு நன்றாகப் போய்ச் சேர்கிறது. “புரிந்ததா?” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். உலகத்தில் எந்த மொழியிலும் அதற்கு “புரிந்தது” என்பதுதான் பதில். “நீ செய்து காட்டு” என்று கேளுங்கள். பாதுகாப்பு பெல்ட்டை எங்கே மாட்டுவாய், காட்டு. அவர் காட்டும்போதுதான் நீங்கள் சொன்னது எந்த உருவில் போய்ச் சேர்ந்தது என்று தெரியும்.

என் சித்தப்பா எண்பதுகளில் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போனார். மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். அங்கே வேலைத்தள வேலிகளில் நான்கு மொழிகளில் எச்சரிக்கை எழுதியிருக்கும். இறங்கிய முதல் வாரம், வாசிக்கத் தெரியாத பலகைகளுக்கு நடுவே ‘அபாயம்’ என்ற தமிழ்ச் சொல்லைப் பார்த்தபோது, இங்கே நமக்கும் ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள் என்று தோன்றியதாம். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் சைட் பலகைகளில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் இருந்தால், ஒடியாவும் வங்காளமும் ஹிந்தியும் தெலுங்கும் சேர்க்க எவ்வளவு செலவாகும் என்று விசாரியுங்கள். மிகக் குறைவு.

பண்டிகைக்கு வருவோம். கொண்டாடுங்கள், நல்லதுதான். ஆனால் நான் இதைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டவன். பொறுப்பேற்ற இரண்டாவது ஆண்டு, செப்டம்பர் 17 அன்று ஒரு பெரிய ஃபுட்டிங் (அடித்தள) கான்கிரீட்டுக்கு நாள் குறித்தேன். காலையில் பாதிப் பேர் குளித்து, நல்ல சட்டை போட்டு வந்து நிற்கிறார்கள், ஒருவரும் கருவியைத் தொடவில்லை. கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் என்று நினைத்துக் கடுமையாகப் பேசிவிட்டேன். அன்று விஸ்வகர்மா பூஜை. வங்காளம், பீகார், ஜார்கண்ட், ஒடிசாவில் கைவினைஞர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் அது ஆண்டின் பெரிய நாள். கருவிகளைக் கழுவிப் பொட்டு வைத்து, அன்று அவற்றுக்கு ஓய்வு. நாம் ஆயுத பூஜைக்குச் செய்வதையே சில வாரம் முன்னால் அவர்கள் செய்கிறார்கள். முந்தைய ஆண்டு ஆயுத பூஜைக்கு மிக்சருக்குக்கூட மாலை போட்டு விடுமுறை விட்டவன் நான். அன்று கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். பூஜையில் உட்கார இடம் கொடுத்தார்கள்.

இப்போது வேலை அட்டவணை போடும்போதே அவர்களுடைய நாட்களையும் குறித்துவிடுகிறேன். ஜூன் நடுவில் ஒடிசாவின் ரஜ, விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் மேற்கு ஒடிசாவின் நுவாகாய், மழைக்காலக் கடைசியில் ஜார்கண்டின் கரம், துர்கா பூஜை, தீபாவளிக்கு ஆறாம் நாள் சட், இரண்டு ஈத்கள். நாற்று நடவுக்கும் அறுவடைக்கும் ஊருக்குப் போவார்கள், அதையும் குறிக்க வேண்டும். இனிப்புப் பெட்டியைவிட, ஊருக்குப் போகும் டிக்கெட்டை இரண்டு மாதம் முன்பே எடுக்க முடிவதுதான் அவர்களுக்குப் பெரிது. வேலைத் திட்டத்துக்கும் அது நல்லது. சொல்லாமல் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு ஒரே மெஸ் வைத்து எல்லோருக்கும் சாம்பார் ஊற்றும் யோசனையைக் கைவிடுங்கள். குழுவுக்கு ஒரு அடுப்பு, சமைக்க இடம், நல்ல தண்ணீர், பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிக் கடுகெண்ணெய், சத்து எனப்படும் வறுத்த கடலை மாவு, மீன் கிடைக்கும்படி ஏற்பாடு. இவ்வளவு செய்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

நம் ஊர் ஆட்களை மறந்துவிடாதீர்கள். திருவண்ணாமலைக் கொத்தனாருக்கு மனத்தில் ஒரு வருத்தம் உண்டு: “இவர்கள் வந்துதான் நம் கூலி ஏறவில்லை.” அதை அறிவுரையால் தீர்க்க முடியாது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று நீங்கள் நடைமுறைப்படுத்தி, அதை எல்லா மொழிகளிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் மட்டுமே அந்த வருத்தம் தணியும். குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறது என்பதற்காகவே வெளியூர் ஆட்களை எடுத்துவிட்டு, பிறகு இருவரும் சகோதரர்களாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நேர்மையில்லை.

நான் கூலியைச் சமமாக்கியதன் பலனை 2023 மார்ச்சில் பார்த்தேன். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவிய வாரம் அது. தமிழ்நாடு காவல்துறை மறுத்தது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. அதற்குள் எங்கள் கேம்பில் எல்லோர் போனிலும் அந்த வீடியோ வந்துவிட்டது, ஊரிலிருந்து அம்மாக்கள் அழுதுகொண்டு அழைக்கிறார்கள். பாதிப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். நான் போய்ப் பேசினேன், யாரும் கேட்கவில்லை. அன்றிரவு எங்கள் கொத்தனார் மேஸ்திரி, செங்கம் பக்கத்துக்காரர், யாரும் சொல்லாமலே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கேம்ப் வாசலில் போட்டு உட்கார்ந்தார். விடியும்வரை இருந்தார். பீகார்ப் பையன்கள் தங்கள் வீட்டுக்கு வீடியோ அழைப்புப் போட்டு அவரைக் காட்டினார்கள். அவருக்கு ஹிந்தி தெரியாது. கையை அசைத்துக்கொண்டே இருந்தார். ஹோலிக்கு முன்பே டிக்கெட் எடுத்திருந்தவர்கள் போனார்கள், மற்றவர்கள் இருந்தார்கள்.

பெண்களைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, அதனால் நான் கேட்கிறேன். உங்கள் 260-இல் பெண்கள் எத்தனை பேர்? கணவனோடு வந்து வேலை செய்யும் பெண்ணின் கூலி கணவன் கணக்கிலேயே போய்விடுவது சாதாரணமாக நடக்கிறது. ‘+ 11’க்கும் அதற்கும் வித்தியாசமில்லை. அவர் பெயரைத் தனியாக எழுதி, அவர் கணக்குக்கே பணம் போகட்டும். 50 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1996 ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம். 12 பெண்கள் இருந்தாலும் ஓர் அறை ஒதுக்கி ஓர் ஆயாவை வையுங்கள். மணல் குவியல் பக்கத்தில் குழந்தையை உட்கார வைத்துவிட்டு வேலை செய்யும் தாயின் கவனம் எங்கே இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாளும் விளக்கும் இருக்கின்றனவா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

கொரியர்கள் விஷயம் இதைவிட எளிது. பேச வேண்டியதை முதல் நாளே எழுதி அனுப்புங்கள். கூட்டத்தில் அவர்கள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூத்தவர் முன்னிலையில் இளையவரிடம் கருத்துக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள், தனியாகக் கேளுங்கள். நம் இளம் பொறியாளர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

திங்கட்கிழமை பொறுப்பேற்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு மாலை கேம்புக்குப் போங்கள். சமைத்துக்கொண்டிருப்பார்கள், அவசரம் இருக்காது. ஒடியாவும் வங்காளமும் தெரிந்த யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள். அலுவலகப் பதிவேடு வேண்டாம், புதிதாக ஒரு நீள நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சர்தார் முதலில் எழுந்து வந்து தன் பெயரைச் சொல்வார். எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவர் பின்னால் நிற்பவரைப் பார்த்துக் கேளுங்கள்.